ஒரு பிடி மண்ணுக்கு வந்தவன்

மதுரை விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது எனக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. அதுவரை இந்தியாவை நான் கண்ணால் பார்த்ததில்லை. விசா என்னைச் சுற்றுலாப் பயணி என்றது, நானும் மறுக்கவில்லை. தோளில் ஒரு பை. அதில் மாற்று உடைகளும் ஒரு மஞ்சள் துணியும். அந்தத் துணியில் ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு திரும்பிப் போக வேண்டும். மற்றபடி இந்த நாட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

மண் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். என் பாட்டனாரின் தகப்பன் மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். பிழைக்க வழியில்லாமல் கப்பல் ஏறியபோது, குலசாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை மடியில் கட்டிக்கொண்டு போனார். எங்கள் ஆட்களுக்குச் சாமி கல்லில் இல்லை, மண்ணில் இருக்கிறது. போன இடத்தில் அந்த மண்ணைப் புதைத்து, மேலே ஒரு கல்லை நட்டுவிட்டால் அங்கேயும் கருப்பசாமி வந்துவிடுவார். பிடிமண் என்பார்கள். அப்படித்தான் எங்கள் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, ஒரு கருப்பன் நின்றார்.

தோட்டம் விலைபோனது. பேரங்காடி கட்டப் போகிறோம், கோயிலை எடுங்கள் என்றார்கள். நாங்கள் பதாகை பிடித்தோம், கத்தினோம், ஒரு நாள் ரோட்டில் உட்கார்ந்தோம். ஆனால் உயிரைக் கொடுத்துப் போராடினோம் என்று சொன்னால் அது பொய். கோயில் தலைவர் ஒரு கூட்டத்தில், "விடுங்கப்பா, தாய்க்கோயில் ஊர்ல இருக்கு. எப்ப வேணும்னாலும் போய் பிடிமண் எடுத்துக்கலாம்லா" என்றார். அதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் எங்கள் குரல் இறங்கியது.

இடிக்க வந்த அன்று விழுந்தடித்து ஓடினோம். கல்லைப் பெயர்த்துத் தூக்கினோம், அரிவாளை எடுத்தோம், மணியை எடுத்தோம். கூரைத் தகரத்தைக்கூட ஒருவர் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் என் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கும்போது யாரோ, "மண்ணு எங்க?" என்று கேட்டார். தகரத்தைத் தூக்கி வந்த கூட்டத்தில் ஒருத்தருக்கும் மண்ணை அள்ளத் தோன்றவில்லை. திரும்பி ஓடிப் பார்த்தால் சுற்றிலும் வேலி போட்டு முடித்திருந்தார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கல் என் காருக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. நான் காரைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன். தோட்டத்து ஜனம் ஆளுக்கொரு அடுக்குமாடிக்குச் சிதறிப் போனது. வருஷத் திருவிழா ஒன்றுதான் எங்களை ஒன்றாகப் பார்க்க வைத்துக்கொண்டிருந்தது. அது போன பிறகு சாவு வீட்டில் மட்டும்தான் பார்த்துக்கொள்கிறோம். இப்போது சாக்கடைக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இடம் கிடைத்திருக்கிறது. இடம் இருந்து என்ன? மண் வந்தால்தான் சாமி, சாமி வந்தால்தான் நாங்கள் ஒரு ஜனம்.

என்னை வரவேற்க வந்தவன் என் பங்காளி. கப்பல் ஏறியவரின் அண்ணன் வழியில் வந்தவன், என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவன். என் மருமகள் போனில் துழாவித் துழாவி இந்த உறவைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். பேசும்போதெல்லாம் அவன், "வாங்கண்ணே, நீங்க வந்தாத்தான் எல்லாமே" என்பான். நான் அதை விருந்தோம்பல் என்று நினைத்தேன். எங்கள் கோயில் இடிந்த கதையை நான் அவனிடம் சொல்லவில்லை. சாமியைப் பார்க்க வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். கட்டிக் கொடுத்த பெண் செத்துப்போனதை அவள் பிறந்த வீட்டுக்கு யாராவது போனில் சொல்வார்களா? நேரில் போய், தலை குனிந்து, சொல்ல வேண்டியது அது.

அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். பிறகு என் பையைப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

"இம்புட்டுத்தானாண்ணே?"

சாக்லேட்டும் சென்டும் எதிர்பார்த்திருப்பான் போல என்று எனக்குச் சுருக்கென்றது. மலேசியாவிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு வந்தால் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரவல் வாங்கி வந்த காரில் என்னை ஏற்றிக்கொண்டு அவனியாபுரத்தைத் தாண்டினான். பட்டறைகளிலிருந்து வெல்டிங் பொறி ரோடு வரை தெறித்தது. ஷேர் ஆட்டோக்கள் குறுக்கே பாய்ந்தன. எங்கள் ஊரில் இப்படி ஓட்டினால் பாதிப் பேர் மருத்துவமனையில் இருப்பார்கள். இவர்கள் சிரித்துக்கொண்டே திட்டிவிட்டுப் போனார்கள். எல்லாப் பெயர்ப்பலகையும் தமிழில் இருந்தது. அது எனக்குப் பெரிய விஷயம். வாயைப் பிளந்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தேன்.

திருப்பரங்குன்றத்தில் டீ குடிக்க நிறுத்தினான். கடைக்காரர் அவனைப் பார்த்து, "மாப்ள, யாரு இது?" என்றார்.

"எங்கண்ணன். மலேசியா."

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "இவுகதானா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மடையன்.

"கோயிலுக்குப் போவோமா தம்பி?" என்றேன்.

"போவோம்ணே. சொந்தக்காரவுக எல்லாரும் சாயந்தரந்தான் வாராக. அதுக்குள்ள நம்ம சமணர் மலையைப் பாத்துருவோம். வெளிநாட்டுக்காரவுகளே தேடி வாராக."

நான் வெளிநாட்டுக்காரன்தானே. சரி என்றேன்.

கீழக்குயில்குடியில் மலைக்கு அடியிலேயே காரை நிறுத்தினான். தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். நிழலில் யாரோ குடும்பத்தோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் செட்டிப்புடவு என்ற குகைக்குக் கூட்டிப் போனான். பாறை குடைந்தாற்போல் உள்வாங்கியிருந்தது. உள்ளே சுவரில் ஆளைவிடப் பெரிய உருவம், கால் மடக்கி உட்கார்ந்து, காது தோளுக்குத் தொங்க, யாரையும் பார்க்காமல் இருந்தது.

"தீர்த்தங்கரர்ண்ணே. ஆனா ஊருக்குள்ள செட்டியாருன்னுதான் சொல்லுவாக. காதைப் பாத்தீகளா? செட்டியார் கணக்கு எழுத உக்காந்திருக்காராம்." சிரித்தான். அவன் சிரிப்பு நன்றாக இருந்தது. அன்று அவன் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு மறுபக்கம் வந்து, பாறையில் வெட்டிய படிகளில் ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் ஒரு சுனை. அதற்கு மேலே பாறையில் வரிசையாகச் சின்னச் சின்ன உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே எழுத்து. தமிழ்தான் என்றார்கள், வட்டெழுத்தாம், எனக்கு ஓர் எழுத்துக்கூடப் பிடிபடவில்லை. விரலால் தடவிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன்.

"சார், தொடாதீங்க" என்றார் காவலுக்கு இருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார். "யாரு இதைச் செதுக்க வச்சாங்களோ அவங்க பேரு எழுதியிருக்கு சார். ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கும்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் மேலே ஏறினால் இடிந்த சமணப் பள்ளியின் அடித்தளம் இருக்கிறது, வாங்க என்று பங்காளி கூப்பிட்டான். முடியாது என்றேன். கால் வலி இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதுதான் உண்மை. செதுக்க வைத்தவர்களின் வம்சம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இங்கே படுத்துத் தவம் செய்தவர்களைத் தேடி ஒரு பிள்ளையும் வரப்போவதில்லை. ஆனாலும் அவர்கள் பெயர் இருக்கிறது, காவல் இருக்கிறது, கம்பிவேலி இருக்கிறது. அடுக்குமாடிகளில் எனக்கு ஜனம் இருக்கிறது. காரோடு காராக ஒரு கல் கிடக்கிறது. கூலிக்காரன் சாமிக்கு எந்த நாட்டில் யார் கம்பி போட்டிருக்கிறார்கள்?

"தம்பி, போதும். எனக்கு நம்ம கோயில்தான் பாக்கணும்."

அவன் ரொம்ப நேரம் கீழே சமவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான். தென்னந்தோப்புகளும் வயல்களும் கண்மாய்களும் வெயிலில் மங்கிக் கிடந்தன.

"வாங்க" என்றான்.

மேற்கே போனோம். தார் ரோடு முடிந்து மண் ரோடு வந்தது. நான் மஞ்சள் துணியைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதை அவன் ஓரக்கண்ணால் பார்த்தான், வேகமாக ரோட்டைப் பார்த்தான். அறுந்து தொங்கிய கம்பிவேலிக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினான். இறங்கி நடந்தால், முன்னால் தரை இல்லை. செங்குத்தாக ஒரு குழி. எதிர்ச்சுவரில் மேலிருந்து கீழ்வரை கோடு கோடாகத் துளை போட்ட தடம். அடியில் பச்சைத் தண்ணீர்.

அவன் செருப்பைக் கழற்றினான்.

ஒரு குழிக்கு முன்னால் ஒருவன் எதற்குச் செருப்பைக் கழற்றுகிறான் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்துவிட்டது. நானும் கழற்றினேன்.

"இங்கனதாண்ணே இருந்துச்சு."

"எங்க?"

குழிக்கு மேலே, வெறும் காற்றில் விரலை நீட்டினான். "அந்தா, அந்த உசரத்துல. பாறை இருந்துச்சு. அதை ஒட்டி ஒரு பாலை மரம். மரத்தடியிலதான் நம்ம சாமி." விரல் காற்றிலேயே நின்றது. நான் அந்த இடத்தைப் பார்த்தேன். ஒரு கொக்கு அதன் வழியாகப் பறந்து போனது.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். நிலம் என்றைக்கும் எங்களுடையது இல்லை. சாமி நின்றதே அடுத்தவர் இடத்தில். ஒரு கம்பெனி கல் குவாரிக்குக் குத்தகை எடுத்தது. கோயிலைத் தொடமாட்டோம் என்றார்கள். வெடி வைக்க வைக்கப் பாறை விரிந்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். அரிவாளைத் தூக்கியவர்களும் இருந்தார்கள்.

"அப்பதாண்ணே பெரிய ஆளுக சொன்னாக. கடலுக்கு அங்கிட்டு நம்ம பங்காளிக இருக்காக. நம்ம சாமி மண்ணு அங்க பத்திரமா இருக்கு. கேட்டாக் குடுக்காமலா போயிருவாகன்னு. அதை நம்பித்தான் கோயிலை விட்டுக் கையெழுத்துப் போட்டோம்." கண்ணைத் துடைத்தான். "நானே இங்கன டிப்பர் ஓட்டுனேன். கல்லு அம்புட்டும் நான் ஏத்துனதுதாண்ணே. வவுறு இருக்குல்ல."

"அடப்பாவிகளா, காவல் காக்கத் துப்பில்லையாடா" என்ற வசவு என் வாய் வரை வந்தது. அது யாருக்கு உரியது என்று உடனே தெரிந்ததால் விழுங்கினேன்.

அவன் குழிக்கு முதுகைத் திருப்பி என்னைப் பார்த்தான். முகத்தில் அப்படியொரு ஆசை.

"நீங்க வாரேன்னு சொன்னதுமே எல்லாருக்கும் சொல்லிட்டேன். எடமெல்லாம் பாத்து வச்சிருக்கு. மண்ணு கொண்டாந்திருக்கீகளாண்ணே? அந்தத் துணியில முடிஞ்சிருக்கீகன்னு நெனச்சேன். இல்லாட்டி அடுத்த தடவயாவது..."

மஞ்சள் துணியை உதறிக் காட்டினேன். வேறென்ன செய்ய. "இதுல எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். தோட்டத்தை, கோயிலை, கல்லைத் தூக்கியதை, மண்ணை விட்டதை, கார் நிறுத்துமிடத்தை எல்லாம் சொன்னேன்.

"வெளையாடாதீகண்ணே" என்றான்.

நான் துணியைத் திரும்ப மடித்தேன். அவன் முகம் மாறியது. ஆனாலும் விடவில்லை. "கடை கட்டிட்டாகன்னா என்ன? மண்ணு அங்கனதான இருக்கும்? தரையப் பேத்தா, அடியில மண்ணு இருக்கும்ல?"

"இல்ல தம்பி. மூணு மாடி ஆழத்துக்குத் தோண்டிட்டாங்க. வண்டி நிறுத்த. மண்ணை லோரியில அள்ளி எங்கேயோ கொட்டிட்டாங்க. எங்கன்னு யாருக்கும் தெரியாது."

அங்கேயும் குழி, இங்கேயும் குழி. எங்களை நம்பி இவர்கள் விட்டார்கள், இவர்களை நம்பி நாங்கள் விட்டோம். இரண்டு பக்கமும் கெட்டவன் ஒருவனும் இல்லை. இருந்திருந்தால் அவனைத் திட்டியாவது ஆறியிருக்கலாம்.

குனிந்து காலடியில் இருந்ததை ஒரு கை அள்ளினேன். "இது?"

"அது சாமி மண்ணு இல்லண்ணே. கிரஷர் தூசி. வேற எடத்துலருந்து வந்தது. நாந்தான் கொட்டுனேன்."

கையைத் தட்டிவிட்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். எனக்கு அந்த அளவு தைரியம் வரவில்லை. குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அவன் தள்ளி நின்று, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு அழுதான். ஆளுக்கு ஆள் ஆறுதல் சொல்லிக்கொள்ள எங்களிடம் ஒன்றும் இல்லை.

காரில் ஏறியபோது அவன் சாவியைத் திருகவில்லை.

"அண்ணே, வீட்ல சொல்லாதீக."

"எப்படி சொல்லாம இருக்கிறது?"

"இன்னைக்கு வேணாம். உங்க கால்ல விழுறேன். இங்க சாமி போச்சுன்னு தெரிஞ்சும் எல்லாரும் நடமாடுறாகன்னா, அங்க இருக்குங்கிற நம்பிக்கையிலதான். நீங்க ஊருக்குப் போனப்புறம் நானே மெல்லச் சொல்லிக்கிறேன்."

அவன் சொல்ல மாட்டான். அது எனக்கு அப்போதே தெரியும். அவன் இடத்தில் நான் இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

அவன் வீட்டு வாசலில் பந்தல் போடாத குறைதான். பிளாஸ்டிக் நாற்காலிகள், புது விரிப்பு, ஆட்டுக்கறிக் குழம்பு வாசம். அவன் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பங்காளி வீட்டு ஆண்கள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். ஒருவரும் மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. வந்த விருந்தாளியிடம் வந்ததும் கேட்பது மரியாதை இல்லை என்று காத்திருந்தார்கள். அந்த மரியாதை என்னைக் கொன்றது.

அப்போதுதான் பிள்ளைகளைக் கவனித்தேன். முதலில் எல்லாம் பெண் பிள்ளைகள் என்று நினைத்தேன். உச்சியில் கொண்டை போட்டவை, முதுகில் பின்னல் தொங்குபவை. பிறகு பார்த்தால் அதில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். குலசாமிக்கு எடுக்க வேண்டிய முதல் முடி. சாமி இல்லாமல் மொட்டை போடக் கூடாது, மொட்டை போடாமல் கத்தி படக் கூடாது. பள்ளிக்கூடம் போகிற வயதுப் பையன்கள், இடுப்பு வரை பின்னலோடு, என்னை ஆவலாகப் பார்த்தார்கள். எங்கள் மண்ணுக்காகத்தான் அத்தனை முடியும் வளர்ந்துகொண்டிருந்தது.

திருநீற்றுத் தட்டை என் கையில் கொடுத்தார்கள். சாமி இருக்கிற ஊரிலிருந்து வந்தவர் பூசட்டும் என்றார்கள். முதலில் மறுத்தேன். பங்காளி என்னைப் பார்த்த பார்வையில் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். பெரியவர்களும் குனிந்தார்கள். ஒருவர் நெற்றியிலேயே இரண்டு தடவை பூசிவிட்டேன், வயசாச்சுல்ல என்றார்கள்.

கடைசியாக ஒரு பெண் தன் மகனை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். பங்காளியின் அண்ணன் மகனைக் கட்டியவள் அவள். பையனுக்கு எட்டு வயது இருக்கும். வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்று நேற்றுகூடப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதானாம். அவன் நெற்றியில் பூசினேன். அவள் நெற்றியிலும் பூசினேன். அவள் நகரவில்லை. தூரத்தில் கட்டிக் கொடுத்த தங்கச்சியைப் பற்றி விசாரிக்கிறவள் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மாமா, அங்க சாமி நல்லா இருக்கா?"

பங்காளி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நல்லா இருக்கும்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியாடா? நல்லா இருக்காம்" என்று மகனை அங்கேயே விரிப்பில் உட்கார வைத்து, அவன் பின்னலைப் பிரித்து, உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு, மறுபடியும் இறுக்கிப் பின்ன ஆரம்பித்தாள்.